அட்டையில் ரவுண்டானா இல்லை

தேர்வின் பத்து நிமிடத்தில் ஏழு நிமிடம் போய்விட்டது. எதிரே உட்கார்ந்திருந்த பேரி, அன்றைக்கு மட்டும் அவருக்கு நார்மன் என்று பெயர், கோட்டின் கடைசிப் பொத்தானைத் திருகியபடி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் எங்கள் ஆசிரியர் டெண்டாய் மடியில் மதிப்பெண் தாளுடன், அந்த அறையிலேயே இல்லாதவர் மாதிரி இருந்தார். நான் கேட்கவேண்டிய கேள்வி எனக்குத் தெரியும். மனநல நர்ஸிங் பட்டப்படிப்பில் இரண்டு வருடத்தை ஓட்டியவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் ஒழுங்காக வந்து, வாயைத் திறக்கிற நேரத்தில் வேறு வேஷம் கட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"ஏடாகூடமா எதுவும் பண்ணிட மாட்டீங்கல்ல, நார்மன்?"

"சேச்சே, இல்ல கண்ணு," என்றார் நார்மன்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சுதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மீதி மூன்று நிமிடமும் அவருடைய தூக்கம், சாப்பாடு, மகளின் போன் நம்பர் என்று சரளமாகப் பேசி, கைகுலுக்கி, நன்றி சொல்லி வெளியே வந்தபோது, நான் பெயிலாகிவிட்டேன் என்பது எனக்குத் தெரியாது.

பிற்பகல் டெண்டாய் கூப்பிட்டு அனுப்பினார். அவர் ஜிம்பாப்வேக்காரர், முப்பது வருடத்துக்கு முன்னால் ஹல் நகரத்துக்கு வந்து எங்கள் ஊர் மழையைவிட அதிகமாக எங்கள் ஊர்ப் பேச்சைப் பழகிக்கொண்டவர். "உக்காருங்க மாக்சின். மத்ததெல்லாம் நல்லாவே பண்ணினீங்க. ஆனா அந்த ஒரு கேள்விய நேரா கேக்கல. கேக்கலன்னா அந்தப் பத்து நிமிஷத் தேர்வு முழுசும் போச்சு. விதி அப்படி." பக்கத்தில் பேரி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். நோயாளியாக நடிப்பதற்குப் பல்கலைக்கழகம் வரவழைக்கிற மனிதர். நடிப்பு என்று சொல்வதும் சரியில்லை. அவரே மூன்று குளிர்காலத்தை மனநல வார்டில் கழித்தவர், நர்ஸுகள் எப்படியெல்லாம் கேட்பார்கள் என்று கட்டிலில் படுத்தபடியே படித்தவர்.

"நீங்க கேட்ட தினுசுலயே உங்களுக்கு என்ன பதில் வேணும்னு தெரிஞ்சுபோச்சு," என்றார் பேரி. "உங்க மூஞ்சியப் பாத்தா பாவமா இருந்துச்சு. அதான் குடுத்துட்டேன்."

மறு தேர்வு மூன்று வாரம் கழித்து, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு. அதிலும் பெயிலானால் படிப்பே போயிற்று; மூன்றாவது வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. நாற்பத்தாறு வயதில் சலூனை மூடிவிட்டு, பிள்ளைகள் வயதில் இருப்பவர்களோடு உட்கார்ந்து கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டது இதற்காகத்தானா என்று பஸ்ஸில் வரும்போது அழுகை அழுகையாக வந்தது. கூடவே ஒரு வியப்பும் இருந்தது. என்னால் ஏன் கேட்க முடியவில்லை? இருபத்திரண்டு வருடம் முடி வெட்டியவள் நான். சலூனில் நான் கேட்காத கேள்வி உண்டா? புருஷன் அடிக்கிறானா என்று கேட்டிருக்கிறேன். குழந்தை யாருடையது என்று கேட்டிருக்கிறேன். மார்பில் கட்டி இருப்பதை இன்னும் எத்தனை நாள் டாக்டரிடம் மறைப்பாய் என்று கேட்டு, கையோடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் அதெல்லாம் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கையில் கத்தரிக்கோலோடு, கண்ணாடியைப் பார்த்துக் கேட்டவை. கண்ணாடியிடம் எதையும் கேட்கலாம், கண்ணாடியிடம் எதையும் சொல்லலாம். நேரே முகத்தைப் பார்த்துக் கேட்பது வேறு தொழில் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அன்று முதல் எங்கள் வீட்டுச் சமையலறை தேர்வு அறையாயிற்று. நாற்காலிகளை நேருக்கு நேர் போட்டால் போலீஸ் விசாரணை, பக்கத்தில் பக்கத்தில் போட்டால் பஸ் பயணம். கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிடத்துக்கு முள்கள் நிற்கிற மாதிரி சாய்த்துப் போடவேண்டும் என்பது எங்கள் பாடம். அப்படியே போட்டேன். போனில் டைமர் வைத்தேன். பல்கலைக்கழகம் கொடுத்த பயிற்சி அட்டை ஒன்று இருந்தது: நார்மன் மார்ஷ், ஐம்பத்து நான்கு வயது, மனைவி பிரிந்துவிட்டாள், வேலை போய்விட்டது, கீழே அவர் சொல்லவேண்டிய வசனங்கள். முதல் நாள் நார்மனாக உட்கார்ந்தவள் என் மகள் பெத். பதினைந்து வயது. பள்ளி நாடகத்தில் மரமாக மட்டுமே நின்ற ஆத்திரத்தையெல்லாம் என்னிடம் தீர்த்துக்கொண்டாள். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மேசைமேல் விழுந்து ஓலமிட்டாள்.

"அடியே, நார்மன் அமைதியானவருடி. இப்படிக் கத்தினா பக்கத்து வீட்டுக்காரங்க வந்துருவாங்க."

"வரட்டும். எனக்கு யாருமே இல்ல. பொண்டாட்டி ஓடிட்டா. பூனையும் ஓடிடுச்சு."

"அட்டையில பூனையே கிடையாது."

"அதான் ஓடிடுச்சேம்மா."

அவளை வேலையை விட்டு நீக்கி, மால்கமை உட்காரவைத்தேன். என் கணவன். ஊருக்கு வெளியே கேரவன் செய்கிற ஃபாக்டரியில், கடற்கரையில் நிறுத்திவைக்கிற அந்த நீளமான சக்கர வீடுகளுக்கு உள்ளே அலமாரி பொருத்துகிற வேலை, இருபத்தேழு வருடமாக. பேச்சு குறைவு, வேலை சுத்தம். அவன் அட்டையை வாசித்த அழகைக் கேட்டிருக்க வேண்டும். அலமாரியோடு வருகிற விளக்கத் தாளைப் படிப்பது போல ஒரு எழுத்து விடாமல் வாசித்தான்.

"'எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை.' அடுத்தது. 'பசியும் இல்லை.' மாக்ஸ், இங்க அடைப்புக்குறிக்குள்ள 'பெருமூச்சு விடவும்'னு போட்டிருக்கு. விடவா?"

"விடு."

டயரில் காற்று இறங்குவது போல ஒன்று விட்டான். பெத் கதவுக்கு வெளியே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான். சிரிப்பு அடங்கியதும் முதுகை நிமிர்த்தி, கண்ணை அவன் மூக்கின் மேல் நிறுத்தி (கண்ணைப் பார்த்தால் வாய் குழறியது, மூக்கு பரவாயில்லை), கேட்டேன்.

"தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா, நார்மன்?"

"'சில சமயம்,'" என்று வாசித்தான் மால்கம்.

இப்படி இரண்டு வாரம் நடந்தது. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறை என்று ஆரம்பித்தது, வாரத்தில் நான்கு நாள், ஐந்து நாள் என்று ஆயிற்று. மால்கமேதான் கேட்பான், "இன்னைக்கு நார்மன் வரணுமா?" என்று. தேநீரைக்கூடக் குடிக்காமல் அட்டையை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவான். எவ்வளவு நல்ல மனிதன், எனக்காக எவ்வளவு பொறுமை என்று நான் நெகிழ்ந்துபோனேன். ஒரு நாளைக்கு இரண்டு முறை என்று, ஏறக்குறைய இருபது தடவை அவனைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன். இருபது தடவையும் "சில சமயம்" என்றான். என் குரல் நடுங்குவது நின்றது. பல் தேய்க்கும்போது கேட்டேன், குளிர்பெட்டியைத் திறக்கும்போது கேட்டேன், பஸ் நிறுத்தத்தில் உதட்டுக்குள் கேட்டேன். அந்த வார்த்தை வாய்க்குப் பழகிவிட்டது.

இரண்டாவது ஞாயிறு கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது. ஒரே வரிசையில் கேட்டால் மனப்பாடமாகிவிடும், தேர்வில் பேரி வேறு எதையாவது எடுத்துவிட்டால் தடுமாறுவேன். அதனால் அட்டையில் இல்லாத ஒரு கேள்வியைச் சும்மா போட்டேன். "காலையில எழுந்து கிளம்புறது எப்படி இருக்கு?"

மால்கம் அட்டையைப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். பிறகு அதை முழங்கால்மேல் வைத்துவிட்டுச் சொன்னான்.

"ஃபாக்டரிக்கு முன்னாடி ஒரு ரவுண்டானா இருக்குல்ல. அங்க வரைக்கும் நல்லாத்தான் வருவேன். அதுக்கப்புறம் இடதுபக்கம் முதல் வழியில வெளிய போகணும். கை திரும்பாது. சரி, இன்னொரு சுத்துன்னு சுத்துவேன். மறுபடி அந்த வழி வரும். மறுபடி கை திரும்பாது. மூணு, நாலு ஆகும். யாராவது பின்னாடி ஹார்ன் அடிச்சாத்தான் போவேன்."

டைமரில் நாலு நிமிடம் இருந்தது. நான் இதை எழுதும்போதும் என் காது சூடாகிறது, ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லவேண்டும். நான் சொன்னது இதுதான்: "மால், நார்மனுக்குத்தான் வேலையே இல்லையே. அட்டையில ரவுண்டானாவும் கிடையாது. நீயும் பெத் மாதிரி கதை கட்டாத. ஒழுங்கா படி."

"ஆமால்ல," என்றான். அட்டையை எடுத்தான். "'பசியும் இல்லை,'" என்று வாசித்தான். அடைப்புக்குறி இல்லாத இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டான். அதையும் நான் கவனித்தேன், இடம் மாறிவிட்டது என்று.

செவ்வாய்க்கிழமை பெத்தின் நீச்சல் பையைத் துவைக்கப் போட்டுக்கொண்டிருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறேமுக்காலுக்குப் பயிற்சி. வேலைக்குப் போகிற வழியில் மால்கம்தான் அவளை நீச்சல் குளத்து வாசலில் இறக்கிவிடுவான். ஈரத் துண்டை என் தலையில் எறிந்துவிட்டு அவள் சொன்னாள், "அப்பாகிட்ட சொல்லும்மா, இனிமே சுத்த வேணாம்னு. முன்னல்லாம் ஜாலியா இருந்துச்சு. இப்பல்லாம் காலங்காத்தால குமட்டுது."

"எங்க சுத்துறாரு?"

"ரவுண்டானாலதான். குளத்துக்கு நேரா போற வழிய விட்டுட்டு சுத்திச் சுத்தி வருவாரு. என் தூக்கத்தக் கலைக்கத்தான்னு நினைச்சேன். நான்கூட 'இன்னொரு ரவுண்டு'ன்னு கத்துவேன். இன்னைக்கு நான் கத்தல. அப்பவும் சுத்தினாரு."

துணி துவைக்கிற இயந்திரத்தின் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். இவ்வளவு நாளும் கண்முன்னால் இருந்தவை எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பிப்ரவரியில் மால்கம் தன் தூண்டில் கழிகளை எல்லாம் பக்கத்து வீட்டு கார்லுக்குக் கொடுத்துவிட்டான். வித்தர்ன்சீ கடற்கரையில் கொட்டுகிற பனியிலும் நின்று மீன் பிடித்த கழிகள் அவை. அவற்றை நான் தொடுவதற்குக்கூட விடமாட்டான். பத்து வருடமாக "அந்த ஷெட்டைக் காலி பண்ணேன்" என்று நச்சரித்தவள் நான். கொடுத்துவிட்டு வந்தவனைப் பாராட்டி, ஆப்பிள் பை சுட்டு, மேலே கஸ்டர்ட் ஊற்றிக் கொடுத்தேன். அதே மாதம்தான் வகுப்பில், தற்கொலைக்கான எச்சரிக்கை அறிகுறிகளின் பட்டியலில், 'பிரியமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல்' என்ற வரிக்குக் கீழே பச்சைக் கோடு போட்டேன். நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். கோடு நன்றாகவே போட்டிருந்தேன், ஸ்கேல் வைத்து.

ஆனால் நிஜமா? அட்டையில் நார்மனுக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. மனைவி, வேலை, தனிமை என்று வரி வரியாக. மால்கமுக்கு என்ன இருக்கிறது? நான் இருக்கிறேன், பெத் இருக்கிறாள், இருபத்தேழு வருட வேலை அப்படியே இருக்கிறது. கண்ணால் பார்த்தால்தான் நம்பமுடியும் என்று தோன்றியது. வியாழக்கிழமை வார்டில் காலை ஷிஃப்ட் என்று பொய் சொல்லிவிட்டு ஆறு இருபது பஸ்ஸைப் பிடித்து, ரவுண்டானாவுக்கு எதிரே இருக்கிற நிறுத்தத்தில் இறங்கி நின்றேன். மே மாதம், நன்றாக விடிந்திருந்தது. நடுவிலிருந்த புல்மேட்டில் நகராட்சிக்காரர்கள் மஞ்சள் பூ வைத்திருந்தார்கள். நான்கு வழி: ஒன்று ஃபாக்டரிக்கு, ஒன்று ஊருக்குள், ஒன்று கடலுக்கு, ஒன்று எங்கள் வீட்டுப் பக்கம்.

ஏழு மணி ஒன்பது நிமிடத்துக்கு எங்கள் சாம்பல் நிறக் கார் வந்தது. சுற்றியது. ஃபாக்டரி வழியைக் கடந்து, ஊர் வழியைக் கடந்து, கடல் வழியைக் கடந்து, என் முன்னால் வந்தது. மால்கம் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில், ஓட்டக் கற்றுக்கொள்கிறவன் மாதிரி. முகத்தில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை; அலமாரிக்கு அளவு எடுக்கும்போது இருக்கிற அதே முகம். இரண்டாவது சுற்று. மூன்றாவது. நான்காவதில் பால் வண்டி ஒன்று ஹார்ன் அடித்தது. கார் திடுக்கிட்டது போலத் திரும்பி ஃபாக்டரி வழியில் போய் மறைந்தது. வார்டில் பழகிய பழக்கம், நேரத்தை என் உள்ளங்கையில் எழுதிவைத்திருந்தேன். பயத்துக்கு முன்னால் எனக்கு ஆச்சரியம்தான் வந்தது, இருபத்தொரு வருடம் கூடப் படுத்தெழுந்த மனிதனுக்குள் இப்படி ஒரு காலை இருந்திருக்கிறதே என்று. அதற்காக நான் வெட்கப்படுகிறேன். பயம் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வந்தது.

சரி, கேட்டுவிட வேண்டியதுதான் என்று வீட்டுக்கு வந்தேன். கேள்வி தயார், குரல் தயார், இருபது தடவை ஒத்திகை பார்த்தாயிற்று. வியாழன் மாலை மால்கம் உருளை வறுவலின் மேல் காரப்பொடி தூவாமலே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் அந்தப் பொடி இல்லாமல் குழந்தைகூட வறுவலைத் தொடாது. நான் வாயைத் திறந்தேன். "எல்லாம் சரிதானே மால்?" என்று வந்தது. "சரிதான்," என்றான். வெள்ளிக்கிழமை மறுபடி முயன்றேன். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று வந்தது. "ஒண்ணும் இல்ல." ஒவ்வொரு தடவையும் பதிலை நானே கையில் திணித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவன் என்மேல் பரிதாபப்பட்டு அதைத் திருப்பித் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான். நார்மனிடம் கேட்க வருகிறது, மால்கமிடம் வரவில்லை. நார்மன் சில சமயம் என்றால் எனக்கு மதிப்பெண். மால்கம் சில சமயம் என்றால் நான் என்ன ஆவேன்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுநாள் தேர்வு. பெத் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். "இன்னைக்கு நார்மன் வரணுமா?" என்றான் மால்கம்.

"வேணாம். தலை காடா கிடக்கு. வா, வெட்டிவிடுறேன்."

ஐந்து வாரத்துக்கு ஒரு முறை சமையலறையில்தான் வெட்டுவேன். பழைய சலூன் கண்ணாடியை ரொட்டிப் பெட்டியில் சாய்த்துவைத்து, துணியைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினேன். எனக்குப் பழக்கமான இடம் இதுதானே, தலைக்குப் பின்னால். கண்ணாடி இருக்கிறது, கத்தரிக்கோல் இருக்கிறது, இங்கிருந்து கேட்டால் கேள்வி தானாக வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வலப்பக்கம் முழுவதும் வெட்டி முடித்தேன். பிடரியில் அவன் முடி எப்போது இவ்வளவு வெளுத்தது? கண்ணாடியில் அவன் கண்ணைத் தேடினேன்.

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மடியில் விழுந்து கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். சலூனில் இருபத்திரண்டு வருடத்தில் கண்ணாடியைப் பார்க்காமல் உட்கார்ந்த ஆளை நான் பார்த்ததில்லை. அழுகிறவர்கள்கூடப் பார்ப்பார்கள்.

கத்தரிக்கோலைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டேன். இன்னொரு நாற்காலியை இழுத்து அவன் முன்னால் போட்டேன். முள் கணக்கு, சாய்வு எதுவும் நினைவில் இல்லை. முழங்காலும் முழங்காலும் இடிக்கிற மாதிரி நேரே உட்கார்ந்தேன்.

"மால். நான் வியாழக்கிழமை அந்த ரவுண்டானாவுக்கு எதிர்ல நின்னேன். நாலு சுத்து பாத்தேன்."

அவன் நிமிரவில்லை.

"தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?"

கேட்டுவிட்டேன்.

"நார்மன்கிட்ட கேக்குறியா?" என்றான்.

"அட்டை டிராயர்ல கிடக்கு. உன்கிட்டதான் கேக்குறேன்."

துணிக்கு அடியிலிருந்து அவன் கை வெளியே வந்தது, எதையோ பிடித்துக்கொள்ளப் பார்ப்பது போல. நான் பிடித்துக்கொண்டேன். "சில சமயம்," என்றான் மால்கம்.

இருபது தடவை கேட்ட அதே இரண்டு வார்த்தை. நான் அழுதேன். நர்ஸ் அழக்கூடாது என்று பாடத்தில் எங்கேயும் இல்லை, இருந்திருந்தாலும் அழுதிருப்பேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்தவற்றைக் கேட்டேன். எப்படி என்று யோசித்திருக்கிறானா, நாள் ஏதாவது நினைத்திருக்கிறானா. கேட்கவே முடியாது என்று நினைத்தவை ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"அந்த அளவுக்கெல்லாம் போகல. போய்ச் சேராம இருந்துட்டா நல்லா இருக்குமேன்னு தோணும். அவ்வளவுதான். ஃபாக்டரின்னு இல்ல. எங்கயுமே."

"எத்தன நாளா?"

"கிறிஸ்துமஸ்லேர்ந்து. அதுக்கு முன்னாடியும் இருக்கும்."

"ஏன்டா சொல்லல?"

"என்னன்னு சொல்றது? நார்மனுக்காச்சும் பொண்டாட்டி போயிட்டா, வேலை போச்சு. எனக்கு என்ன கேடு? சொன்னா கேக்குறவன் சிரிப்பான்." இன்னொரு கையால் மடியிலிருந்த முடியைத் தட்டிவிட்டான். "அந்த அட்டையப் படிக்கிறது நல்லா இருந்துச்சு மாக்ஸ். சத்தமா சொல்லலாம்ல. வேற ஒருத்தன் பேர்ல."

அன்று முழுவதும் அவனை விட்டு நான் நகரவில்லை. அவசரத்துக்குக் கூப்பிடவேண்டிய எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, "கடைக்கு வாங்க வேண்டிய லிஸ்ட் மாதிரி இருக்கு," என்றான். காலையில் டாக்டருக்குப் போன் போடுவது என்று ஒப்புக்கொண்டான். இடப்பக்க முடியை வெட்ட இரண்டு பேருக்குமே மறந்துபோயிற்று.

எங்கள் டாக்டரிடம் அன்றைக்கே இடம் வேண்டுமென்றால் சரியாக எட்டு மணிக்குப் போன் போடவேண்டும். எட்டு அடித்து ஒரு நிமிடம் ஆனாலும் ஊரில் பாதிப்பேர் முன்னால் நிற்பார்கள். திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு மால்கம் கார்ச் சாவியோடு வந்து நின்றான். ஃபாக்டரிக்கு வர நேரமாகும் என்று சொல்லிவிட்டானாம். "லைன்ல காத்திருக்கச் சொல்லிப் போடுற அந்த மியூசிக்க வீட்டுல உக்காந்து கேக்க முடியாது. வண்டியில இருந்தே போடு."

போட்டேன். மணி சரியாக எட்டு. ஸ்பீக்கரில் வைத்தேன். பதிவு செய்த பெண் குரல் சொன்னது, "வரிசையில் நீங்கள் பதினேழாவது." பிறகு புல்லாங்குழல்.

ரவுண்டானா வந்தது. மால்கம் உள்ளே நுழைந்தான். ஃபாக்டரி வழி போயிற்று, ஊர் வழி போயிற்று, கடல் வழி போயிற்று. மஞ்சள் பூக்கள் மால்கமின் ஜன்னலுக்கு நேராக மறுபடி வந்தன. பதினான்கு. ஒரு லாரி எங்களுக்கு வழி விட்டுப் போயிற்று. பதினொன்று.

"உன் பரீட்சை?" என்றான்.

"பதினோரு மணிக்குத்தான். நேரம் இருக்கு."

"நல்லா கேளு. பேரிய விட்டுடாத."

"நீ ரோட்டப் பாரு."

எட்டு. ஆறு. அவன் தலையில் என் பக்கம் மட்டும் முடி வெட்டாமல் காதை மூடிக்கொண்டு நின்றது. இதற்குள் எத்தனை சுற்று என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். டாக்டர் வீதி ஊருக்குள் போகிற இரண்டாவது வழியில் இருக்கிறது. இரண்டு பேருக்கும் அது தெரியும். ஒவ்வொரு தடவையும் அது வந்தது, ஒவ்வொரு தடவையும் நகர்ந்து பின்னால் போயிற்று. மூன்று. இரண்டு.

புல்லாங்குழல் சட்டென்று நின்றது. "வணக்கம், சொல்லுங்க கண்ணு, என்ன பிரச்சினை?" என்றாள் நிஜமான ஒரு பெண், வாயில் எதையோ மென்றபடி.

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அழகாக, சுருக்கமாக, மருத்துவ வார்த்தைகளோடு இருந்தது. அதை விழுங்கிவிட்டு, போனை மால்கமின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"ஹலோ? இருக்கீங்களா?"

ஊர் வழி நெருங்கிக்கொண்டிருந்தது. மால்கம் ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து இண்டிகேட்டரைத் தட்டினான். டிக், டிக் என்று அது அடித்துக்கொண்டிருக்க, "இருக்கேன்," என்றான்.